நம்ம நிறையும் நம்ம பைக்கும்

பதிவு கொஞ்சம் நீளம். பைக் ஓடுகிறவர்களும், பின்னால் இருந்து போகிறவர்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கினால் காலில் போட்டு நடக்கவிட்டுப் பார்க்கிறோம். சட்டை தைக்கக் கொடுத்தால் அளவெடுக்கிறோம். மூக்குக்கண்ணாடி என்றால் ஆளுக்கு ஆள் இலக்கம் வேறு என்பது நமக்குத் தெரியும். ஆனால் தினமும் உயிரை வைத்து ஓடுகிற பைக்கை மட்டும் கடைக்காரர் தந்தபடியே, அல்லது முன்பு வைத்திருந்தவர் விட்டபடியே ஓடிக்கொண்டிருக்கிறோம். 50 கிலோ ஆளும் அதே பைக், 95 கிலோ ஆளும் அதே பைக். சொக் அப்சோபரில் ஒரு வளையம் இருக்கிறது, அதை ஆளின் நிறைக்கு ஏற்றபடி திருப்பலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கடையில் யாரும் சொல்லித் தருவதுமில்லை. பைக்கோடு வந்த சின்னப் புத்தகம் லீசிங் கடதாசிகளோடு அலுமாரிக்குள் போய்விடுகிறது.

நாங்கள் மூன்று ஆசிரியர்கள் ஒன்றாகப் பாடசாலைக்குப் போய் வருகிறோம். கரையோரத்துப் பெரிய ரோட்டில் கொஞ்சத் தூரம், பிறகு வயலுக்கு நடுவே போகும் கிரவல் ரோட். மாரி வந்தால் கிடங்கு எது, தண்ணீர் எது என்று தெரியாது. வேளாண்மை வெட்டுக் காலத்தில் மெஷினும் டிராக்டரும் ஓடி ரோட் இன்னும் மோசமாகும். இந்த ரோட்டில் போய் வந்த பிறகு நாரி நோகிறது என்று சொல்லாத ஆள் எங்கள் ஆசிரியர் அறையில் இல்லை. அந்த நாரி நோவில் எவ்வளவு ரோட்டால் வருகிறது, எவ்வளவு பைக்கால் வருகிறது என்று பார்க்கத்தான் அளவுநாடாவும் தராசும் எடுத்தோம். கண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

பைக்கில் ஏன் நிறை இவ்வளவு முக்கியம்?

ஒரு காரை எடுங்கள். ஏறக்குறைய 1000 கிலோ. அதில் 75 கிலோ ஆளும் 65 கிலோ ஆளும் ஏறினால் கூடுவது 140 கிலோ. காரின் நிறையில் 14 சதவீதம். காருக்கு அது பெரிய விடயமல்ல.

நம் ஊரில் ஓடுகிற 100 சிசி பைக்கின் நிறை ஏறக்குறைய 110 கிலோ. அதே இரண்டு பேர் ஏறினால் சுமை பைக்கின் நிறையை விடக் கூடிவிடுகிறது. தன்னை விட நிறைகூடிய சுமையைத் தினமும் தூக்கிக்கொண்டு ஓடுகிற வாகனம் பைக்தான். அதனால்தான் ஓடுபவரின் நிறை மாறினால் பைக்கின் குணமே மாறுகிறது.

ஐரோப்பிய விதிகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுநரின் நிறை 75 கிலோ என்று வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். கணக்குக்கு ஏதோ ஓர் எண் வேண்டும், சரி. ஆனால் எங்கள் மூவரில் ஒருவர் 54 கிலோ, ஒருவர் 92 கிலோ. இருவருக்கும் அந்த 75 பொருந்தவில்லை.

சொக்குக்குள் இரண்டு வேலை

சொக் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் இரண்டு சாமான் இருக்கிறது. வெளியே தெரிகிற ஸ்பிரிங் சுமையைத் தாங்குகிறது. உள்ளே எண்ணெய் உள்ள குழாய் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு கிடங்கில் விழுந்த பைக் அடுத்த சந்தி வரைக்கும் ஊஞ்சல் ஆடும். எண்ணெய்க் குழாய் மட்டும் இருந்தால் பைக் நிமிரவே மாட்டாது.

நம் நிறைக்கு ஏற்றபடி மாற்றுவது ஸ்பிரிங்கின் தொடக்க நிலையைத்தான். பெரும்பாலான பைக்குகளில் பின் சொக்கின் அடியில் படிக்கட்டு மாதிரி வெட்டிய வளையம் ஒன்று இருக்கும். பல மொடல்களில் ஐந்து படி. கொக்கி மாதிரி வளைந்த ஒரு ஸ்பெனர் பைக்கின் டூல் பையோடு வந்திருக்கும். அதைப் போட்டுத் திருப்பினால் வளையம் ஒரு படி ஏறும் அல்லது இறங்கும். இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு நிமிட வேலை.

இந்த வளையத்தைப் பற்றி ஒரு பிழையான பேச்சு ஊரில் இருக்கிறது. ‘கூட்டி வெச்சா ஸ்பிரிங் கட்டியாகும்’ என்பார்கள். அப்படி இல்லை. இதை வகுப்பில் ஒரு நாள் செய்து காட்டினோம். ஊக்கின் விதிக்காக ஆய்வுகூடத்தில் வைத்திருக்கும் சுருளிவில் ஒன்றைத் தொங்கவிட்டு நிறைகளைப் போட்டோம். ஒவ்வொரு நிறைக்கும் ஒரே அளவு நீண்டது. பிறகு அதே வில்லைக் கொஞ்சம் இழுத்து, திரும்பிச் சுருங்காதபடி நூலால் கட்டினோம். மறுபடி நிறை போட்டோம். முதல் இரண்டு நிறைக்கு வில் அசையவில்லை. மூன்றாவதிலிருந்து முன்பு போலவே, ஒவ்வொன்றுக்கும் அதே அளவு நீண்டது. பின் வாங்கிலில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிச் சொன்னான்: ‘சேர், அப்ப ஸ்பிரிங் கட்டியாகல்ல. தொடங்குற இடம்தான் மாறியிருக்கு.’

வளையத்தின் முழு விளக்கமும் அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. பைக்கில் வில் இழுபடுவதற்குப் பதிலாக அமுங்குகிறது, அவ்வளவுதான். படி கூட்டினால் ஸ்பிரிங் கட்டியாவதில்லை. பைக்கின் பின்பக்கம் உயர்கிறது. நம் நிறையால் தாழ்ந்த பின்பக்கத்தைத் தூக்கி, சரியான இடத்தில் நிறுத்தவே அந்த வளையம்.

சரியான இடம் என்றால் எது?

சில்லு மேலும் கீழும் போய்வர ஒரு தூரம் இருக்கிறது. சின்னப் பைக்குகளில் பின்னால் ஏறக்குறைய 100 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஆள் ஏறி இருந்ததும் அந்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பைக் தாழ வேண்டும். ரோட்டில் ஓடும் பைக்குகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது. 100 என்றால் 30 முதல் 33 வரை.

ஏன் கொஞ்சம் தாழ வேண்டும், தாழாமலே வைத்தால் என்ன என்று கேட்கலாம். மேடு வந்தால் சில்லு மேலே போக இடம் வேண்டும். கிடங்கு வந்தால் சில்லு கீழே இறங்கி நிலத்தைப் பிடிக்கவும் இடம் வேண்டும். தாழாமலே நிற்கும் பைக்கில் கீழே இறங்க இடமில்லை. கிடங்கில் சில்லு நிலத்தை விட்டுவிடும், பைக் துள்ளும். அந்த நேரம் பிறேக் பிடித்தால் டயர் வழுக்கும். அளவுக்கு மீறித் தாழ்ந்த பைக்கில் மேலே போக இடமில்லை. வேகத்தடையில் ‘டக்’ என்று அடிபடும் சத்தம் கேட்கும். அந்த அடி நேராக முதுகெலும்புக்குப் போகும்.

அளப்பது எப்படி?

இரண்டு பேரும் ஓர் அளவுநாடாவும் போதும். மூன்று பேர் என்றால் இன்னும் வசதி.

1. பைக்கை மெயின் ஸ்டாண்டில் போடுங்கள். பின் சில்லு நிலத்தில் முட்டக்கூடாது. பின் அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே, சீட்டுக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக்கில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். அச்சிலிருந்து அடையாளம் வரை அளந்து எழுதுங்கள். இது முதல் அளவு.

2. ஸ்டாண்டை எடுத்து, பைக்கைச் சமதரையில் நேராகப் பிடியுங்கள். ஆள் ஏறக்கூடாது. அதே இரண்டு புள்ளிகளுக்கிடையே அளவுங்கள். இது இரண்டாம் அளவு.

3. இனி ஓடுபவர் ஏறட்டும். ஹெல்மட், பாடசாலைப் பை, வழமையாகக் கொண்டுபோகும் எல்லாவற்றோடும் ஏறி, இரண்டு காலையும் மிதியில் வைத்து இருக்க வேண்டும். ஒருவர் முன்னால் ஹேண்டிலைப் பிடிக்க, மற்றவர் அளக்கட்டும். இது மூன்றாம் அளவு.

இரண்டாம், மூன்றாம் அளவுகளை இரண்டு தடவை எடுங்கள். ஒரு தடவை பின்பக்கத்தை அமுக்கி மெதுவாக விட்டு, இன்னொரு தடவை கொஞ்சம் தூக்கி மெதுவாக விட்டு. சொக்கின் உராய்வால் சில மில்லிமீற்றர் வித்தியாசம் வரும். இரண்டின் சராசரியை எடுங்கள்.

முதல் அளவிலிருந்து மூன்றாம் அளவைக் கழித்தால், ஆளோடு பைக் எவ்வளவு தாழ்கிறது என்பது வரும். முதல் அளவிலிருந்து இரண்டாம் அளவைக் கழித்தால், பைக் தன் சொந்த நிறைக்கு எவ்வளவு தாழ்கிறது என்பது வரும். இரண்டும் வேண்டும்.

எங்களுக்கு வந்த கணக்கு

ஒரே பைக், வளையம் முதல் படியில். பைக் தன் சொந்த நிறைக்கு 12 மில்லிமீற்றர் தாழ்ந்தது. 54 கிலோ சேர் ஏறியதும் 30. அவருக்கு அந்தப் படியே சரி. 92 கிலோ சேர் ஏறியதும் 42. அவர் வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதே, மேட்டுக்காக வைத்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு பகுதி முடிந்துவிடுகிறது.

இரண்டு படி கூட்டினோம். 42 என்பது 33 ஆனது. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது, வழமையாக அடிக்கிற அந்தப் பாலத்து மேட்டில் சத்தம் வரவில்லை.

ஆனால் இன்னொன்றையும் கவனித்தோம். இரண்டு படி கூட்டிய பிறகு பைக் தன் சொந்த நிறைக்கு 3 மில்லிமீற்றர்தான் தாழ்ந்தது. இது ஒரு செய்தி. ஆளோடு அளவு சரியாக வந்தும், ஆளில்லாமல் பைக் ஏறக்குறைய தாழவே இல்லை என்றால், அந்த ஸ்பிரிங் அந்த ஆளுக்கு மெல்லியது. வளையத்தால் சமாளிக்கலாம், முழுத் தீர்வு உரமான ஸ்பிரிங்தான். மாறாக, ஆளோடு அளவு சரியாக இருக்கும்போதே ஆளில்லாமலும் பைக் நிறையத் தாழ்ந்தால் ஸ்பிரிங் அந்த ஆளுக்கு உரம் கூடியது. புதுச் சொக் வாங்கும் நாள் வரும்போது இந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால் கராஜில் பேசுவது சுலபம்.

தராசைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெல் நிறுக்கிற தராசு ஒன்றில் பின் சில்லை ஏற்றி, முன் சில்லுக்கு அதே உயரத்தில் பலகை வைத்துப் பார்த்தோம். 92 கிலோ சேர் ஏறியபோது பின் சில்லில் கூடியது 60 கிலோ, மிச்சம் முன் சில்லுக்கு. பின்னால் 60 கிலோ ஆள் ஒருவர் ஏறியபோது பின் சில்லில் கூடியது 54 கிலோ. அதாவது பின்னால் இருப்பவரின் நிறை கிட்டத்தட்ட முழுவதும் பின் சில்லில்தான் விழுகிறது. அதனால்தான் தனியாகப் போகும் நாளுக்கும், மனைவியோடு போகும் நாளுக்கும் ஒரே படி பொருந்தாது.

தராசில் ஏறச் சொன்னபோது அந்த சேர் முதலில் மறுத்தார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நம் ஊரில் நிறை என்பது கேலிக்கு மட்டும் பேசப்படுகிற ஒன்று. ‘என்ன சேர், கல்யாண வீடு கூடிட்டா?’ என்று கேட்போம். பைக்குக்கு அது கேலி அல்ல, வெறும் எண். சப்பாத்தின் இலக்கத்தைச் சொல்ல நாம் வெட்கப்படுவதில்லை. இதுவும் அப்படித்தான்.

வாப்பாவின் கிளினிக்

எங்களில் ஒருவருடைய வாப்பாவுக்கு மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் கிளினிக். மகன்தான் பைக்கில் கொண்டுபோவார். போன வருடக் கடைசியில் ஒரு மாதம் வாப்பா போகவில்லை. அடுத்த மாதமும் ‘மருந்து இன்னும் இருக்கு மகன், பிறகு போவம்’ என்று சொல்லிவிட்டார். பிறகு உம்மாதான் உண்மையைச் சொன்னார். பைக்கில் பின்னால் இருந்து போய் வந்தால் இரண்டு நாளைக்கு அவருக்கு எழும்ப முடியவில்லை. மகனிடம் சொன்னால் அவன் கவலைப்படுவான் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் ஆட்டோ பிடிக்கச் செலவு, அதுவும் அவருக்கு மனமில்லை.

பைக்கைப் பார்த்தோம். பின்பக்கத்தைக் கையால் பலமாக அமுக்கி விட்டால் ஒரு தடவை எழும்பி நிற்க வேண்டும். அது மூன்று தடவை ஆடியது. ஒரு பக்கச் சொக்கின் உடம்பில் எண்ணெய் ஒழுகித் தூசி பிடித்துக் கறுத்திருந்தது. அதாவது அடக்குகிற வேலை செத்துவிட்டது. ஸ்பிரிங் மட்டும் நின்று ஆடிக்கொண்டிருந்தது. வளையத்தை எத்தனை படி திருப்பினாலும் அந்த ஆட்டம் நிற்காது. இரண்டு பக்கமும் சேர்த்துப் புதுச் சொக் போட்டார்கள். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்று போடக்கூடாது.

பிறகு வாப்பாவையே ஏற்றி இருத்தி அளந்தோம். முதல் படியில் இருவரோடும் 57 மில்லிமீற்றர் தாழ்ந்தது. நான்காம் படியில் 43. பின் டயரின் காற்றையும் பார்த்தோம். தனி ஆளுக்கு ஓர் அளவு, பின்னால் ஆள் இருந்தால் அதைவிடக் கூடிய அளவு என்று பைக்கின் புத்தகத்திலோ செயின் கவரில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். பல சின்னப் பைக்குகளில் 28, 32 பிஎஸ்ஐ என்பது போல வரும். உங்கள் பைக்கில் என்ன போட்டிருக்கிறதோ அதைப் பாருங்கள்.

அடுத்த கிளினிக்குக்கு வாப்பா போனார். திரும்பி வந்து திண்ணையில் இருந்துகொண்டு கேட்டாராம், ‘என்ன மகன், அந்த ரோட்டப் போட்டுட்டாங்களா?’

ரோட்டை யாரும் போடவில்லை. கிடங்கு எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. இதைக் கேட்ட அன்றுதான் இந்தப் பதிவை எழுத வேண்டும் என்று முடிவெடுத்தோம். ஏனென்றால் இப்படிப் பேசாமல் இருக்கிற வாப்பாமார், உம்மாமார் நம் வீடுகளில் எத்தனை பேர் என்று தெரியாது. பின்னால் இருப்பவர் நேராகப் பின் அச்சுக்கு மேலே இருக்கிறார். ஓடுபவருக்கு ஹேண்டில் இருக்கிறது, கிடங்கு வருவது கண்ணுக்குத் தெரிகிறது, உடம்பைத் தூக்கிக்கொள்வார். பின்னால் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. அடி முழுவதும் அவருக்குத்தான். முதுகு நோவு கூடியவர்களும் கர்ப்பிணிகளும் பைக்கில் போகலாமா என்பதை வைத்தியரிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். போகலாம் என்று அவர் சொன்ன பிறகு பைக்கைச் சரியாக வைப்பது நம் பொறுப்பு.

இரவில் லைட்

இது பலர் யோசிக்காத ஒன்று. இரண்டு பேர் ஏறிப் பின்பக்கம் மட்டும் 40 மில்லிமீற்றர் கூடத் தாழ்ந்தால் முன் லைட் மேலே பார்க்கும். இரண்டு அச்சுக்கும் இடையே 1250 மில்லிமீற்றர் என்று வைத்தால், 25 மீற்றர் தூரத்தில் வெளிச்சம் 80 சென்ரிமீற்றர் மேலே போய்விடும். அது எதிரே வருபவரின் கண். நம் முன்னால் உள்ள ரோட்டோ இருட்டு. நம் பக்கத்தில் இரவில் ரோட்டிலேயே மாடு படுத்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எதிரே வருகிறவர் லைட்டை இறக்கவில்லை என்று ஏசுவதற்கு முன், அவருக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். வளையத்தைச் சரியான படியில் வைத்தால் இதில் பெரும்பகுதி தானாகவே சரியாகும்.

பின்பக்கம் தாழ்ந்தால் முன் சில்லின் பாரமும் குறையும். ஹேண்டில் இலேசாகிவிட்டது போல, முன் சில்லு நிலத்தில் இல்லாதது போல ஓர் உணர்வு வரும். ஈரமான ரோட்டில் வளைவில் அது ஆபத்து.

முன் சொக், ஸ்கூட்டி

சின்னப் பைக்குகளின் முன் சொக்கில் பெரும்பாலும் திருப்புவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குள்ளும் எண்ணெய் இருக்கிறது, அதற்கும் வயது உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். புத்தகத்தில் சொன்ன தரத்தில், சொன்ன அளவில் மாற்ற வேண்டும். நாம் இருப்பது கடலோரம். உப்புக்காற்றில் முன் சொக்கின் பளபளப்பான குழாயில் துருப் பொட்டுகள் வரும். அந்தப் பொட்டு எண்ணெய் சீலைக் கிழிக்கும். ஒழுகும் எண்ணெய் பிறேக் டிஸ்க்கில் பட்டால் பிறேக் பிடிக்காது. கிழமைக்கு ஒரு தடவை ஈரத்துணியால் துடைத்தாலே அந்தக் குழாய் பல வருடம் நிற்கும்.

ஸ்கூட்டியில் வரும் டீச்சர்மாருக்கும் ஒரு வார்த்தை. ஸ்கூட்டியில் என்ஜினும் பின் சில்லும் ஒரே உடம்பாகச் சேர்ந்து ஆடுகின்றன. அந்தப் பாரம் முழுவதும் சில்லோடு குதிக்கிறது. சில்லும் சின்னது, கிடங்கில் ஆழமாக இறங்கும். அதனால் அதே ரோட் ஸ்கூட்டியில் கூட அடிக்கும். சில மொடல்களில் பின் சொக்கில் மூன்று படி இருக்கும். சிலவற்றில் இருக்காது. இல்லாதவற்றில் டயர் காற்றும், சொக்கின் நல்ல நிலையும், சீட்டுக்குக் கீழே தேவையில்லாமல் சுமக்கும் சாமான்களைக் குறைப்பதும்தான் நம் கையில் இருக்கிறது.

கவனிக்க வேண்டியவை

வளையம் இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் இரண்டாம் படி, மறுபக்கம் நான்காம் படி என்று கிடக்கிற பைக்குகளை எங்கள் பாடசாலைப் பார்க்கிங்கிலேயே கண்டோம்.

சைலன்சர் ஆறிய பிறகு கை வையுங்கள். ஸ்பெனர் வழுக்கினால் விரல் போகும், கையுறை போடுங்கள். சேறு காய்ந்து வளையம் இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்க வேண்டாம். கழுவி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, அடுத்த நாள் திருப்புங்கள்.

நடுவில் ஒரே சொக் உள்ள பைக்குகளில் சிலவற்றில் படிக்குப் பதிலாகப் புரி வெட்டிய வளையம் இருக்கும். கை போகவும் இடம் குறைவு. அதைக் கராஜில் கொடுங்கள். காஸ் நிரப்பிய சொக்கை யாரும் வீட்டில் கழற்றக்கூடாது.

படி மாற்றிய பிறகு செயின் தளர்வைப் பாருங்கள். பின்பக்கத்தின் உயரம் மாறினால் செயினின் இழுப்பும் மாறும்.

இன்னொன்று, கொஞ்சம் கசக்கும். ஒவ்வொரு பைக்குக்கும் சுமக்கக்கூடிய உச்ச நிறை உண்டு. சின்னப் பைக்குகளில் அது பெரும்பாலும் 130 முதல் 150 கிலோ வரைதான். ஓடுபவரும் அதற்குள் அடக்கம். தாங்கியில் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி, கையில் கைக்குழந்தை, ஹேண்டிலில் அரிசிப் பை என்று போகும்போது ஐந்தாம் படியும் நம்மைக் காப்பாற்றாது. வேறு வாகனத்துக்கு வழியில்லாத வீடுகள் எத்தனை என்பது எங்களுக்குத் தெரியும், நாங்களும் அதே ஊர்தான். ஆனாலும் இரண்டு தடவையாகப் போவது ஒரு லீற்றர் பெற்றோலுக்குள் முடிகிற காரியம்.

ஏன் இப்போது?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தார்கள். இடையில் 2022 இல் பெற்றோலுக்குக் கியூ, பிறகு கியூஆர் கோட். அந்த வருடங்களில் இருந்த பைக்கையே தட்டிக்கொட்டி ஓடினோம். இன்று நம் ரோட்டில் ஓடுவதில் பெரும்பகுதி அந்தப் பழைய பைக்குகள்தான். புதியவற்றின் விலை கேட்டால் கடை வாசலிலேயே திரும்பி வர வேண்டியிருக்கிறது. என்ஜின் எண்ணெயை நேரத்துக்கு மாற்றுகிறோம், சந்தோஷம். பத்து வருடமாகக் கிடங்கை வாங்கிக்கொண்டிருக்கிற சொக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என்ஜின் பழுதானால் பைக் நின்றுவிடும், நமக்குத் தெரிந்துவிடும். சொக் பழுதானால் பைக் நிற்காது. நாரி நோகும், வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

இப்போது எங்கள் மூவரின் பைக்கிலும் சீட்டுக்கு அடியில் ஒரு சின்னக் கடதாசி ஒட்டியிருக்கிறது. தனியாக என்றால் எந்தப் படி, எவ்வளவு காற்று. பின்னால் ஆள் என்றால் எந்தப் படி, எவ்வளவு காற்று. நான்கு எண். அவ்வளவுதான். பிள்ளைகளுக்கும் இதை ஒரு செயற்றிட்டமாகக் கொடுத்தோம். தத்தம் வீட்டுப் பைக்கை வாப்பாவோடும் நானாவோடும் சேர்ந்து அளந்துவந்து வரைபுத்தாளில் போடுகிறார்கள். ஊக்கின் விதி இனி அவர்களுக்கு மறக்காது என்று நினைக்கிறோம்.

வரும் சனிக்கிழமை அசருக்குப் பிறகு மஃரிப் வரைக்கும் பாடசாலை மைதானத்துப் பக்கம் மூவரும் இருப்போம், இன்ஷா அல்லாஹ். அளவுநாடா, காற்றுமானி, இரண்டு ஸ்பெனர் எங்களிடம் இருக்கிறது. பைக்கைக் கொண்டுவாருங்கள். வழமையாகப் பின்னால் இருந்து வருபவரையும் கூட்டிவாருங்கள், அவர் இல்லாமல் அளவு சரியாக வராது. காசு எதுவும் இல்லை. கராஜ் வைத்திருக்கும் தம்பிமார் யாராவது வந்து நின்றால் எங்களுக்கும் உதவி, உங்களுக்கும் நாலு பேர் அறிமுகமாகும். கை பழகிய வேலை உங்களுடையதுதான், நாங்கள் அளந்து தருகிறவர்கள் மட்டும்.

வர முடியாதவர்கள் இன்றிரவு ஒன்று மட்டும் செய்யுங்கள். பைக்கின் பின்பக்கத்தைப் பலமாக அமுக்கி விட்டு, எத்தனை தடவை ஆடுகிறது என்று பாருங்கள். பிறகு உள்ளே போய், பின்னால் இருந்து வருகிறவரிடம் முதுகு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.